பேர்ளியும் அவளுக்கு முன்னால் இறங்கியவர்களும்

பாரிஸில் ரூ லூயி-பிளாங்கிலிருந்து ஒரு தெரு தள்ளி, தொலைபேசிக் கடை ஒன்றுக்கு மேலே, முதலாம் மாடியில் பேர்ளியின் இயன்மருத்துவச் சிகிச்சை அறை இருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த அந்த லா சப்பல் பகுதி ஆட்கள் இந்தச் சிகிச்சையையும் அதைச் செய்கிறவரையும் பிரெஞ்சுச் சொல்லால் 'கினே' என்றுதான் சொல்வார்கள். முழங்கால், இடுப்பு, தோள்மூட்டு என்று எதையாவது பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் அரைவாசிப் பேர் குசினிகளில் இருபது முப்பது வருடம் நின்றே வேலை செய்தவர்கள். மிச்சப் பேர் துப்பரவு வேலை, கடை வேலை. அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு மரப்படி, இழுத்துப் பயிற்சி செய்யும் இறப்பர்ப் பட்டிகள். சுவரில் படம் ஒன்றும் இல்லை. தங்கள் காலை மடக்கி நீட்டிவிடும் இந்தப் பெண், பார்வை குறைந்தோருக்கான பனிச்சறுக்குப் போட்டிகளில் உலகக் கிண்ணம் வென்றவள் என்பது அங்கே வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அவளாகச் சொல்வதும் இல்லை.

தகப்பன் மரியரட்ணம் மன்னாரிலிருந்து வந்தவர். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. தாய் ஜெனிற்றா ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் வேலை செய்தாள். பேர்ளி அவர்களுக்கு ஒரே பிள்ளை, பாரிஸிலேயே பிறந்தவள். ஒன்பது வயதில் கரும்பலகையில் எழுத்துகள் காணாமற்போகத் தொடங்கின. படிக்கப் பஞ்சிப்படுகிறாள் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு ஒரு நாள் மேசையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டி, கோப்பைக்குப் பக்கத்தில் வெறும் மேசையைப் பிடித்தாள். கண் வைத்தியர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: விழித்திரையின் நடுப்பகுதி செத்துக்கொண்டு போகிறது, ஓரம் மட்டும் மிஞ்சும், இதற்கு மருந்து இல்லை.

அதற்குப் பிறகு ஒருவருடைய முகம் தெரியவேண்டுமென்றால் பேர்ளி அவருடைய காதுப்பக்கமாகப் பார்க்கவேண்டியிருந்தது. பூசைக்குப் போகிற இடத்தில் சொந்தக்காரர்கள் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். பெட்டை முகம் பார்த்துக் கதைக்கிறாள் இல்லை, பிரான்சில் பிறந்த பெருமை என்றார்கள். ஜெனிற்றா அவர்களுக்கு விளக்கம் சொல்லவில்லை. மகளின் கண்ணைப் பற்றிக் கோயில் வாசலில் கதைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பத்து வயதில் வகுப்போடு பனிமலைக்குப் போகும் பயணம் வந்தது. பாரிஸ் பள்ளிக்கூடங்களில் இது வழமைதான். ஆசிரியரோடு பத்து நாள் போய் நின்று பனிச்சறுக்குப் பழகிவிட்டு வருவார்கள். ஜெனிற்றா ஒரே சொல்லில் மறுத்திருப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் காகிதம் எதுவானாலும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பது மரியரட்ணத்தின் பழக்கம். தடித்த காலுறை ஆறு சோடி கொண்டுவரச் சொல்லி இரண்டாவது காகிதம் வந்தபோதுதான் முதலாவது என்னவென்று வீட்டில் தெரிந்தது.

"கண் தெரியிற பிள்ளையளே கால் முறிச்சுக்கொண்டு வருகுதுகள். இவளை ஆரை நம்பி அனுப்புறது?" என்று ஜெனிற்றா கேட்டாள்.

 கையெழுத்து வைத்தாயிற்று, இனி மாட்டேன் என்றால் பிள்ளை வகுப்பில் தனியாக இருக்கவேண்டி வரும் என்று மட்டும் மரியரட்ணம் சொன்னார். அது ஜெனிற்றாவுக்குப் பட்டது. காலுறைகளை வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் மகளின் பெயரை நூலால் தைத்தாள்.

பேர்ளிக்கு அந்த முதல் நாள் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நகரத்தில் எல்லாமே அவளுக்கு எதிராக இருந்தன. நடைபாதைக் கம்பம், மெத்றோப் படி, கடைக்காரர் வெளியே வைத்த மரக்கறிப் பெட்டி, எதிரே வரும் ஆள். பனிச் சரிவில் ஒன்றும் இல்லை. வாசிக்க எழுத்து இல்லை, தட்டுப்பட ஒரு பொருளும் இல்லை. வெள்ளை வெறுமைதான். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பதைக் காலுக்குக் கீழே இருந்த பலகைகள் சொல்லின. மற்றப் பிள்ளைகள் கீழே எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பயந்து நின்றார்கள். அவளுக்கு அந்தத் தூரம் தெரியவே இல்லை. இறங்கினாள், விழுந்தாள், எழும்பித் திரும்பவும் இறங்கினாள். பத்தாம் நாள் வகுப்பிலேயே வேகமாக இறங்கியவள் அவள்தான்.

பதின்மூன்று வயதில் பார்வை குறைந்தோருக்கான பனிச்சறுக்குக் கழகம் ஒன்றில் சேர்ந்தாள். குளிர்காலச் சனிக்கிழமைகளில் விடியற்காலை பஸ் ஏறவேண்டும். ஜெனிற்றா ஒரு தடவை அவளோடு போய், சரிவுக்கு முதுகைக் காட்டிக் கோப்பிக் கடையில் இருந்தபடி முழுச் செபமாலையையும் சொல்லி முடித்தாள். பிறகு போகவில்லை. வீட்டில் இருந்து செபிக்கிறேன், இரண்டும் ஒன்றுதான் என்றாள்.

பேர்ளியின் பதினேழு வயதில் ஷார்லோத் வந்தாள்.

ஷார்லோத் சவோவாப் பக்கத்து மலைக்காரி, அப்போது வயது இருபத்திரண்டு. தகப்பன் இரவில் பனிச் சரிவுகளை மட்டப்படுத்தும் வண்டி ஓட்டுபவர். நடக்கப் பழகிய கையோடு பனிச்சறுக்கும் பழகியவள். தேசிய அணிக்கான கடைசித் தெரிவில் அரைச் செக்கனால் தவறிப்போனாள். அதற்குப் பிறகு போட்டிகளை விட்டுவிட்டு, வழிகாட்டியாக வர விருப்பமா என்று கழகம் கேட்டபோது ஓமென்றாள்.

பார்வை குறைந்தவர்களின் போட்டியில் இரண்டு பேர் இறங்குவார்கள். முன்னால் வழிகாட்டி செம்மஞ்சள் மேலங்கியோடு. பின்னால், நாலைந்து மீற்றர் தள்ளி, போட்டியாளர். இருவருடைய தலைக்கவசத்துக்குள்ளும் ஒலிவாங்கியும் காதொலிப்பானும் இருக்கும். நட்டிருக்கும் கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கவேண்டும். எங்கே திரும்புவது, எங்கே பனிக்கட்டி, எங்கே சரிவு செங்குத்தாகிறது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போவார். நேரம் போட்டியாளருக்குத்தான் எடுப்பார்கள். ஆனால் வழிகாட்டியைத் தாண்டி முன்னே போகக்கூடாது. வென்றால் பதக்கம் இருவருக்கும்.

ஷார்லோத் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாலிருந்து ஒரு பதில் வரவேண்டும். அந்தக் குரலை வைத்துத்தான் பேர்ளி எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று அவளுக்குத் தெரியும். பேர்ளியின் வாயில் தன்னாலேயே வந்த பதில், வீட்டில் ஆம் என்பதற்குச் சொல்லும் 'ஓம்'. வாயைத் திறந்து மூடும் நேரம் போதும், காற்றிலும் அது உடையாது. ஒரு முறை உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, இந்த வீராங்கனை சரிவு முழுக்கத் தியான மந்திரம் சொல்லிக்கொண்டே இறங்குகிறார் என்று எழுதினார். மகள் கூட்டிக் கழிக்காமல் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்ட ஜெனிற்றாவுக்குச் சரியான கோபம். ஞாயிறு பூசை தவறவிடாத குடும்பம் என்று அந்த ஆளுக்கு எழுதச் சொன்னாள். பேர்ளியும் ஷார்லோத்தும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தார்கள்.

அவர்களுடைய முதல் பெரிய வெற்றி ஒரு மூடுபனி நாளில் கிடைத்தது. அன்று முதல் சுற்றில் ஆறாவது இடம். இரண்டாவது சுற்றுக்கு மலையை மூடுபனி மூடிவிட்டது. மற்றப் போட்டியாளர்களில் சிலருக்கு மிஞ்சியிருந்த பார்வை அவளுடையதைவிட நல்லது. அதை நம்பிப் பழகியவர்கள் அன்று தடுமாறினார்கள். பேர்ளிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஷார்லோத்துக்குத்தான் கஷ்டம். அடுத்த கம்பம் கண்ணுக்குத் தெரியுமுன்னே, காலையில் மனப்பாடம் செய்ததை வைத்துத் திருப்பங்களைச் சொன்னாள். கீழே வந்து நின்றபோது முதலாம் இடம். பேர்ளிக்கு வயது இருபத்தொன்று.

அடுத்த நான்கு குளிர்காலங்களில் ஒஸ்திரியா, சுவிஸ், இத்தாலி, கனடா என்று போனார்கள். பிரெஞ்சுச் சம்பியன் பட்டம் மூன்று முறை வந்தது. உலகக் கிண்ணப் போட்டிகளில் பதினொரு தடவை மேடை ஏறினார்கள். கோடையில் பேர்ளி படித்தாள். பார்வை குறைந்தவர்கள் கினே படிக்கப் பாரிஸில் ஒரு பள்ளி இருக்கிறது என்று அணியோடு வந்த கினே சொல்லியிருந்தார். அவருக்கும் பார்வை குறைவுதான். ஷார்லோத் பாரிஸுக்கு வரும்போதெல்லாம் லா சப்பல் வீட்டில்தான் தங்குவாள். ஜெனிற்றா அவளுக்கு உறைப்புக் குறைத்துக் கணவாய்க் கறி வைப்பாள். அவள் உறைப்புக் காணாது என்பாள்.

இருபத்தைந்தாவது வயதில் பேர்ளியின் கால்களில் ஒரு மாற்றம் வந்தது. கோடை முழுக்கப் பாரம் தூக்கிப் பயிற்சி செய்திருந்தாள். அந்தப் பருவத்தின் முதல் போட்டியில் ஏழாவது கம்பத்தில், செம்மஞ்சள் மேலங்கி திடீரென்று கண்ணோரத்தில் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மீற்றர் என்றால் ஷார்லோத்தின்மேல் மோதியிருப்பாள். பலகையைக் குறுக்கே திருப்பி வேகத்தைக் குறைத்தாள். அடுத்த போட்டியிலும் அதே. பயிற்சியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ வேகமாகிவிட்டாய், அவளால் முடியவில்லை. உனக்கு ஒரு ஆண் வழிகாட்டி வேண்டும்." பேர்ளி முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஷார்லோத்திடம் மூச்சும் விடவில்லை. மூன்று போட்டிகளில் நடுச் சரிவில் வேகத்தைக் குறைத்துக் குறைத்து இறங்கி, நாலாவதாகவும் ஐந்தாவதாகவும் வந்தாள்.

ஜனவரியில் ஒரு காலை, மலையுச்சிக்குப் போகும் தொங்கு கதிரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பாதி வழியில் ஷார்லோத் கேட்டாள்.

"பின்னால் நீ வேகத்தைக் குறைப்பது எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா?"

பேர்ளி கையுறையின் பட்டியை இழுத்து இறுக்கினாள்.

"எட்டு வருடமாக உன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் இறங்குகிறேன், பேர்ளி. பனியை நீ எங்கே சுரண்டுகிறாய் என்று எனக்குத் தெரியும்."

"நீ இல்லாமல் நான் இறங்கமாட்டேன்."

"நான் அரைச் செக்கனால் அணியை இழந்தவள். இன்னொருத்தி அரைச் செக்கனை இழக்க நான் காரணமாக இருக்கமாட்டேன்."

அன்று மாலையே பயிற்சியாளரிடம் போய் இந்தப் பருவத்தோடு தான் விலகுவதாக ஷார்லோத் சொல்லிவிட்டாள். பேர்ளிக்கு அது கைவிட்டதாகவே பட்டது. தன்னிடம் கேளாமல் முடிவெடுத்துவிட்டாளே என்று கோபம். பருவம் முடிந்ததும் பாரிஸுக்கு வந்தவள் ஷார்லோத்தின் அழைப்புகளை எடுக்கவில்லை. கணவாய் வாங்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை எப்ப வரும் என்று ஜெனிற்றா கேட்பாள். அவளுக்கு வேலை கூடிப்போச்சாம் என்று பேர்ளி மழுப்பினாள்.

புது வழிகாட்டியின் பெயர் ரோமன். இருபத்தாறு வயது, நல்ல வேகம், நல்ல குணம். ஆனால் அந்தப் பெயரோடு லா சப்பலில் ஒரு புதுக் கதை பிறந்தது. மணமாகாத பெட்டை ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடு நாடு நாடாகப் போகிறாள் என்று. ஆர்ஜொந்தெயில் இருந்த ஜெனிற்றாவின் தமக்கை மரியகொறற்றி தொலைபேசியில் மரியரட்ணத்தைப் பிடித்து, ஆர் அந்தப் பெடியன், என்ன முறை, சனம் கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது என்று விசாரித்தாள்.

மரியரட்ணம் நிதானமாகச் சொன்னார்: "அவன் முன்னுக்குப் போறான் மச்சாள், இவள் பின்னுக்குப் போறாள். கீழை வந்தாப் பிறகு ரண்டு பேரும் வேறை வேறை பஸ்ஸிலை போகினம். இதிலை சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை."

சனத்தின் கதை அவ்வளவில் அடங்கியது. சரிவில்தான் பிரச்சினை தீரவில்லை. முதல் இரண்டு போட்டிகளிலும் பேர்ளி கம்பத்தைத் தவறவிட்டு வெளியேறினாள். இரண்டு தடவையும் இடப்பக்கத் திருப்பம். ரோமன் சரியாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்குப் பிந்தியே கேட்டது. மூன்றாவது போட்டிக்கு முதல் நாள் பயிற்சியில், ரோமன் திடீரென்று இடப்பக்கத் திருப்பங்களை மட்டும் அரைக் கம்பம் முந்திச் சொல்லத் தொடங்கினான். வழுக்கலே இல்லாமல் முழுச் சரிவும் ஓடி முடிந்தது.

கீழே வந்து பேர்ளி கேட்டாள், இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று.  ரோமன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தான். எட்டு வருடமாக ஷார்லோத் எழுதி வைத்தது. முதல் நாளே அவனிடம் கொடுத்து, பேர்ளிக்குச் சொல்லவேண்டாம், உன்னுடைய சொந்த முறை வரும்வரை பார்த்துக்கொள் என்றிருந்தாள். இரண்டு போட்டியும் பிழையாய்ப்போன பிறகுதான் அவன் அதைத் திறந்திருந்தான். அவளுக்கு வலதைவிட இடக் கண் பழுது, இடப்பக்கத்தை முந்திச் சொல். செங்குத்தில் குரலை உயர்த்தாதே, நீ பயந்துவிட்டாய் என்று அவள் நினைப்பாள். பதில் வராவிட்டால் உடனே நில். இப்படிப் பக்கம் பக்கமாக.

பேர்ளியால் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. ரோமன்தான் வாசித்தான். நாலு பக்கத்துக்குமேல் கேட்க முடியாமல் அவள் கொப்பியை மூடச் சொன்னாள். அன்று மத்தியானமே ஷார்லோத்துக்கு அழைத்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா உன்னைக் கேட்கிறா என்றாள். உறைப்பைக் குறைக்கவேண்டாம் என்று சொல் என்றாள் ஷார்லோத்.

அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி பிரான்சிலேயே நடந்தது. அதில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் வருடம் முழுவதற்குமான கிண்ணம் பேர்ளிக்கு. மரியரட்ணமும் ஜெனிற்றாவும் ரயில் ஏறி வந்தார்கள். மகள் போட்டியில் இறங்குவதை ஜெனிற்றா அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்றும் வேலிக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள். ஷார்லோத் வந்து பக்கத்தில் நின்று அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினாள்.

மேலே இரண்டு புள்ளிகள் புறப்பட்டன. ஜெனிற்றாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது பக்கத்தில் ஷார்லோத்தின் உதடுகள் அசைந்தன. இடது, வலது, வலது, பொறு, இடது. மெல்லிய குரலில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னே. அவள் சொல்லச் சொல்ல மேலே மகள் திரும்பினாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஜெனிற்றா முழுச் சரிவையும் பார்த்து முடித்தாள். இருவரும் கீழே வந்து நின்றபோதுதான் தன் நகங்கள் அந்தப் பிள்ளையின் கையில் பதிந்திருந்ததைக் கண்டாள்.

"நோகுதோ பிள்ளை?" என்று தமிழிலேயே கேட்டாள். இல்லை என்று ஷார்லோத் தலையாட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பேர்ளி முதலாவதாக வந்தாள். மேடையில் அவளுடைய பெயரையும் ரோமனுடைய பெயரையும் வாசித்தார்கள். கிண்ணத்தைக் கொடுக்க வந்தபோது பேர்ளி ஒரு நிமிடம் என்று சொல்லி ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி, மூன்றாவது பெயர் ஒன்று இருக்கிறது என்றாள். ஷார்லோத்தின் பெயரைச் சொன்ன பிறகே கையை நீட்டினாள். ஏற்பாட்டாளர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ரோமன்தான் முதலில் கைதட்டினான்.

அந்த வசந்தத்தில் கிண்ணத்தை ஷார்லோத்தின் வீட்டுக்குக் கொண்டு போனாள். ஷார்லோத் வாங்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் தூசி பிடித்துக் கிடக்கிறது, லா சப்பலில் இது ஒன்றுதான், திருப்பிக் கொண்டு போ என்றாள். அது இப்போது ஜெனிற்றாவின் வீட்டில் மடு மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டையும் ஒரே துணியால் துடைக்கிறாள்.

பேர்ளி இன்னும் இரண்டு குளிர்காலம் இறங்கினாள். கடைசிப் பருவத்தில் பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை. வயது இருபத்தெட்டானது, கினேப் படிப்பு முடிந்திருந்தது, காலையில் எழும்பும்போது முழங்கால்கள் முறையிட்டன. பெரிய பிரியாவிடை ஒன்றும் நடக்கவில்லை. மெத்றோ அலுவலகத்தில் வேலை செய்யும் தனூஜனைக் கட்டினாள். ஒரு பெண் பிள்ளை. ஷார்லோத் இப்போது மலையில் புது வழிகாட்டிகளைப் பழக்குகிறாள். சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஒரு வெற்றுக் கொப்பி கொடுக்கிறாள். பின்னால் வருகிறவரைப் பற்றி எழுதி வைக்கச் சொல்லி. அந்தக் கழகத்தின் போட்டிகளில், முன்பு வழிகாட்டியாக இருந்து விலகியவர்களின் பெயரையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். அதைப் பற்றி எழுதிக் கேட்டு, இரண்டு வருடம் விடாமல் தொல்லை கொடுத்தது பேர்ளி.

போன மாதம் தவரத்தினம் என்பவர் சிகிச்சைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, உணவகக் குசினி வேலை, சத்திரசிகிச்சையில் முழங்கால் மூட்டை மாற்றி ஏழு கிழமை. காலை மடக்கவே பயந்தார். எழுபது பாகைக்குமேல் போனால் ஐயோ என்று கட்டிலைப் பிடித்தார். நாலாம் தடவை வந்தபோது, கீழே தொலைபேசிக் கடைக்காரர் சொன்ன ஏதோ அவருடைய மனதில் இருந்தது.

"பிள்ளை, நீங்கள் பனியிலை ஓடிச் சம்பியனா வந்தனீங்களாம். உண்மையோ?"

"உண்மைதான் அண்ணை. காலைத் தளர விடுங்கோ."

"கண்ணும் வடிவாத் தெரியாமல்? பயமா இருக்கேல்லையோ?"

பேர்ளி அவருடைய குதிக்காலைக் கையில் தாங்கி, காலை மெல்ல மடக்கத் தொடங்கினாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"ஒவ்வொரு முறையும் இருந்தது. மேலை நிக்கேக்கைதான் கூட. ஆனா எனக்கு முன்னாலை ஒரு ஆள் போய்க்கொண்டிருக்கும். அந்த ஆளின்ரை சொல்லை நம்பி முதல் அடி வைச்சிட்டால், பிறகு பயப்பிட நேரம் கிடைக்காது."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் அவருடைய காதுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதைக்கிற சாட்டில் கால் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. தொண்ணூற்றிரண்டு என்று குறித்துக்கொண்டு, அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு வரச் சொன்னாள்.

தவரத்தினம் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய், மேல்படியில் ஒரு கணம் நின்று, பிறகு கைப்பிடியைப் பிடித்து இறங்கத் தொடங்கினார். பேர்ளி கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, கட்டிலில் புதுத் தாள் விரித்தாள். காத்திருந்த அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.